கன்னத்தில் ஒரு கோடு

மார்ச் 9, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது. திருத்தி எழுதப் பொறுமை இல்லை.

இன்று அமராவதி ஆற்று மணலில் வெள்ளிக்காசு கிடைத்தது. தேய்ந்த செம்பு இல்லை, சோடா மூடி இல்லை, வெள்ளி! ஒரு பக்கம் மன்னனின் தலை, பக்கவாட்டில் பார்க்கிற முகம், அதற்கு மேலே பாதி எழுத்து. மறுபக்கம் வில்லும் அம்பும். சேரர் காசு. இந்த மாதிரியைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஈர மணலோடு உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

கிடைத்தது எனக்கு இல்லை. அண்ணனுக்கு.

நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். அண்ணன் குழந்தைவேல் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஞாயிறு வந்தால் வீட்டில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பார். பட்டறைச் சத்தம் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது என்பார். ஆற்றில் நடந்தால் நல்லது என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். இது மூன்றாவது தடவை. எனக்கு இது எத்தனையாவது ஞாயிறு என்று எண்ண முடியாது. ஆரம்பத்தில் எங்கள் கம்பெனியில் துணிக்குள் ஒடிந்த ஊசியைத் தேடும் டிடெக்டரை இரவல் வாங்கிப் போய், ஒரு வருஷம் ஆணியாகப் பொறுக்கினேன். அது இரும்புக்கு மட்டும்தான் கத்தும் என்று பிறகுதான் உறைத்தது. அப்புறம் சொந்தமாக மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். அதையும் வைத்துக்கொண்டு இதுவரை செம்புதான்.

இன்று மணி ஒன்பது இருக்கும். “கொஞ்ச நேரம் என்ற கையில குடு, வாணி” என்று டிடெக்டரை வாங்கினார். பத்தடி போயிருக்கமாட்டார். அது கத்தியது. குத்தவைத்து உட்கார்ந்து, கையாலேயே மணலை விலக்கி, எதையோ எடுத்து நீட்டினார்.

“இதென்ன, சட்டைப் பித்தானா?”

நான் போட்ட கூச்சலில் அவர் காசைக் கீழே போட்டுவிட்டார்.

“ஏன் கத்தறே? பூச்சி கீச்சி கடிச்சுருச்சா?”

மறுபடி தேடி எடுத்தேன். கம்பெனியில் துணியின் இழை எண்ணுவதற்கு வைத்திருக்கும் பிக் கிளாஸ் எப்போதும் என் பையில் இருக்கும். அதை வைத்துப் பார்த்தேன். உருக்கி ஊற்றிய போலிகளில் வரும் வார்ப்புத் தழும்பு விளிம்பில் இல்லை. எழுத்து பாதி வெளியே போயிருக்கிறது. கையால் சுத்தியலை வைத்து அடித்த காசில்தான் அப்படிப் போகும். முகத்தின் கன்னத்தில் மண் இறுகிப் போயிருந்தது. துடைக்கக் கூடாது என்று அண்ணனை மிரட்டி வைத்திருக்கிறேன். லுங்கி முனையில் முடிந்துகொண்டு, குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் நடந்தார்.

சந்தோஷம்தான். ரொம்பச் சந்தோஷம். நான் இத்தனை வருஷம் நடந்த மணல் அது, அவ்வளவுதான்.

மார்ச் 10, திங்கள்

மதியம் அண்ணன் எங்கள் கம்பெனி கேட்டுக்கே காசைக் கொண்டுவந்தார். துணியின் எடையளவு, ஜிஎஸ்எம், பார்க்கும் தராசில் வைத்தேன். கண்ணாடி மூடியெல்லாம் உள்ள நல்ல தராசு அது. எடை புத்தகத்தில் சொன்ன அளவுக்குள் வருகிறது. காந்தம் ஒட்டவில்லை. தட்டினால் சத்தம் மண்ணால் மங்கியிருக்கிறது, ஆனால் ஈயத்தின் சத்தம் இல்லை.

எங்கள் நாணயச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அண்ணனைச் சேர்த்து, செய்தியைப் போட்டேன். ஒரே பாராட்டு மழை. ‘குழந்தைவேல் சாருக்கு வாழ்த்துகள்’, ‘குழந்தைவேல் சாரின் அதிர்ஷ்டக் கை’. அது யாருடைய டிடெக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. மண்ணில் நல்ல காசு எதுவும் கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. கலெக்டர் ஆபீசில் மனுவோடு ஒப்படைக்கவேண்டும். ஏப்ரல் கூட்டத்தில் எல்லாரும் பார்த்துவிட்டு, சேர்ந்து போய்க் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. சாயங்காலம் அண்ணன் போன் செய்து கேட்டார்.

“மியூசியத்துல வெச்சா, எடுத்தவிய பேரு போடுவாங்களா வாணி?”

“அட்டையில எழுதுவாங்கண்ணா.”

“முழுப் பேருமா?”

சிரித்துவிட்டேன். பட்டறையில் அவர் கட்டிய பஸ்ஸெல்லாம் ஊர் ஊராக ஓடுகிறது. ஒன்றிலாவது அவர் பெயர் உண்டா என்ன?

மார்ச் 12, புதன்

கடவுளே! புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள்!

நங்கையா, அதாவது அண்ணன் மனைவி, பெருமையாகப் போன் செய்து சொல்கிறார். “குத்துவெளக்குத் தேய்க்கையில அதையும் சேத்துத் தேய்ச்சுப்போட்டேன் வாணி. மொகமெல்லாம் நல்லா எந்திரிச்சுருச்சு. உங்கண்ணன் போட்டோ அனுப்பறாரு, பாரு, எப்படி மின்னுது!”

கையிலிருந்த துணியைக் கட்டிங் மேசையில் போட்டேன். நூற்றாண்டு நூற்றாண்டாக மண்ணுக்குள் சேர்ந்த கருமையை, சாம்பாருக்குக் கரைத்து மிச்சமான புளி கால் மணி நேரத்தில் கழுவிவிட்டது. திட்டவும் முடியவில்லை. அவருக்குத் தெரிந்த சுத்தம் அதுதான்.

போட்டோ வந்தது. மத்தியான வெயிலில் வாசற்படியில் வைத்து எடுத்திருக்கிறார். புத்தம்புதிதாக இருக்கிறது. மண் போன பிறகு மன்னன் கன்னத்தில் ஒரு கோடு தெரிகிறது. கண்ணுக்குக் கீழே தொடங்கி தாடை வரை. ஏதோ கீறல்.

என் வீட்டுக்காரர் கோயில் பூசாரியிடம் பேசிவிட்டார். எங்கள் பாப்பாவுக்குக் காதுகுத்து ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, குலதெய்வக் கோயிலில். தன்ஷிகாவுக்கு மூன்று வயது முடிகிறது. (பெயர் இவர் தேர்வு. எண் கணிதம் பார்த்தாராம். என்னைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருப்பேன்.) மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவோம். அண்ணனிடம் தேதியைச் சொல்லிவிட்டேன்.

சாப்பிடும்போது இவர் கேட்டார், “ரெண்டு நாளா ஏன் ஒரு மாதிரி இருக்கறே? உனக்குக் கெடைக்கலீன்னா?”

இவருக்கு நாணயத்தைப் பற்றி என்ன தெரியும்? ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

தனியாக ஆற்றுக்குப் போனேன். அதே இடம், சுற்றிலும் முழங்கால் வலிக்கும் வரை. சோடா மூடி இரண்டு, சேப்டி பின் ஒன்று, சைக்கிள் பெடல் ஆணி ஒன்று.

அண்ணனைக் கூப்பிடவில்லை. அவருக்கு வேலை இருந்திருக்கும்.

மார்ச் 19, புதன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

திருச்சி ஸ்டீபன் ஞானராஜ் எங்கள் சங்கத்தில் மூத்த சேகரிப்பாளர். அண்ணன் காசைப் பார்த்த உற்சாகத்தில், தன்னிடமும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது என்று இன்று குழுவில் போட்டோ போட்டார். நான் டீ குடித்துக்கொண்டே பெரிதாக்கிப் பார்த்தேன். மன்னன் கன்னத்தில் ஒரு கோடு. கண்ணுக்குக் கீழே தொடங்கி தாடை வரை.

டீ நூல் கண்டின்மேல் கொட்டிவிட்டது.

இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடம், நீளம், கடைசியில் ஒரு சின்ன வளைவு, எல்லாம் ஒன்று. இதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்! ஒரு காசில் விழுந்த கீறல் அந்தக் காசுக்கு மட்டும்தான் சொந்தம். இன்னொரு காசிலும் அதே கீறல், அதே இடத்தில் பள்ளமாக இருந்தால், ஒரு காசை வைத்து அச்செடுத்து வார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போலி. போட்டோவில் கோடு பள்ளமாகத்தான் தெரிகிறது. போதாததற்கு அண்ணன் காசில் சின்னச் சின்னக் குழிகள் வேறு. வார்ப்பில் காற்றுக் குமிழ் உடைந்த குழிகள்.

காசை மறுபடி கையில் வாங்கிப் பார்த்திருக்கலாம். தேவை இல்லை, போட்டோவே தெளிவாக இருக்கிறது.

அப்புறம்தான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. போலி எப்படி ஆற்றுக்குள் வந்தது? போன மாதம் அண்ணன் புது பஸ்ஸை ஒப்படைக்கக் கோயம்புத்தூர் போனார். அங்கே அப்போது நாணயக் கண்காட்சி நடந்தது. மூன்றே ஞாயிறு வந்தவருக்கு, பத்தடி நடந்ததும் வெள்ளி. “சட்டைப் பித்தானா” என்று என்ன அப்பாவியாகக் கேட்டார்! என் அண்ணனா? எனக்கே நம்ப முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் குழுவில் எழுதினேன். இரண்டும் ஒரே வார்ப்பு, இரண்டும் போலி, குழந்தைவேல் கண்டெடுத்ததாகச் சொன்ன காசு வெளியில் வாங்கி மணலில் வைக்கப்பட்டதாக இருக்கலாம், தீர விசாரிக்காமல் செய்தி போட்டதற்கு வருந்துகிறேன்.

உண்மை என்று வந்தால் அண்ணன் தங்கை பார்க்க முடியாது. சொந்தக்காரர் தைத்தாலும் தையல் கோணல் என்றால் கோணல்தான். என் நேர்மையைப் பாராட்டி நாலு பேர் எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 20, வியாழன்

காலையில் குழுவைத் திறந்தால், ‘குழந்தைவேல் வெளியேறினார்’.

பத்து மணிக்குப் போன் வந்தது. பின்னால் கிரைண்டர் சத்தம். அவர் கத்தாமல் பேசினார், அதனால் காதை அழுத்திக்கொண்டு கேட்டேன்.

“வாணி, நாங் கொண்டாந்து போட்டேன்னா எழுதியிருக்கே?”

“இருக்கலாம்னுதாண்ணா எழுதியிருக்கேன்.”

“காசு பொய்யின்னா பொய்யின்னு சொல்லு, ஒத்துக்கறேன். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நாங் கொண்டாந்து போட்டேன்னு மட்டும் சொல்லாத, அம்மிணி.”

“பின்ன எப்படிங்கண்ணா அது அங்க வந்துச்சு?”

கிரைண்டர் சத்தம் சட்டென்று அறுந்தது. போனை வைத்துவிட்டார்.

மார்ச் 21, வெள்ளி

மேசைவிரிப்பு லாட் ஒன்றை முழுதாகத் திருப்பி அனுப்பினேன். மடிப்புத் தையல் சரியில்லை. சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

மார்ச் 25, செவ்வாய்

ஞானராஜ் குழுவில் பதில் போட்டிருக்கிறார். தன் காசைப் போலி என்று சொன்னவர்கள் ஏப்ரல் கூட்டத்துக்கு வரவேண்டும், காசோடு வருகிறேன் என்று. வரட்டும். போலியை வைத்திருப்பவர்களுக்குக் கோபம் வருவது புதிதா?

இவர் கேட்கிறார், “மாமன் வராம எப்படிக் காது குத்துவே?” வருவார் என்றேன். நிச்சயமாகத் தெரியாமல்தான் சொன்னேன்.

மார்ச் 30, ஞாயிறு

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு நானும் இவருமாக அண்ணன் வீட்டுக்குப் போனோம். முறையாக அழைக்கவேண்டுமே.

நங்கையா தண்ணீர் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே சொன்னார், “பட்டறையில இப்ப இவருக்குப் புதுப் பேரு வாணி. ‘கள்ளக்காசு’. டீ வாங்கப் போனாக்கூட, ‘நோட்டப் பாத்து வாங்கு, கள்ளக்காசு குடுத்துருக்கப் போறாரு’ன்னு பேசறாங்களாம். இவரு ஊட்டுக்கு வந்தா பேச்சே இல்ல.”

இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. சங்கத்துக் குழுவில் எழுதியது பட்டறைக்கு எப்படிப் போயிற்று?

அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டார். அவள் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள்.

“நீங்க வரோணுங்கண்ணா” என்றேன்.

“பாப்பா என்ன பண்ணுச்சு? மடியில உக்கார வெக்க நான் வராம எவன் வருவான்?”

இவ்வளவுதான் பேச்சு. காசைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்றுகூட நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஐயோ. ஐயோ. நான் என்ன செய்துவிட்டேன்!

கூட்டம் வழக்கம்போலப் பள்ளிக்கூட வகுப்பறையில். ஞானராஜ் நேராக என் பெஞ்சுக்கு வந்தார். காசை உறையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“கண்ண மூடிக்கிட்டு நகத்தால தடவிப் பாருங்க மேடம்.”

கண்ணை மூடினேன். கட்டைவிரல் நகத்தை மன்னன் கன்னத்தில் ஓட்டினேன். பள்ளத்தில் விழவேண்டிய நகம் தடுக்கி நின்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடி தடுக்கியது.

கோடு பள்ளம் இல்லை. மேடு.

கீறல் விழுந்தால் பள்ளம். காசு அடிக்கிற அச்சு வெடித்திருந்தால், வெடிப்புக்குள் வெள்ளி ஏறி, அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் ஒரே இடத்தில் மேடாக வரும். அது போலிக்கு அடையாளமே இல்லை. ஒரே ஆள், ஒரே அச்சை வைத்து அடித்த காசுகள் என்பதற்கு அடையாளம். இதையும் நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

அண்ணன் காசும் அப்படித்தானா? போனில் அவர் அனுப்பிய போட்டோவைத் திறந்தேன். பள்ளமாகத்தான் தெரிந்தது. ஞானராஜ் போனை வாங்கி அப்படியே தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். அவ்வளவுதான், பள்ளம் எழுந்து மேடாகிவிட்டது. மற்றவர்களுக்கும் காட்டினார். வெயில் படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து விழும்படி எடுத்த போட்டோ அது, ஞானராஜ் குழுவில் போட்டதும் அப்படித்தான். வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று கண்ணுக்குப் பழக்கம். முகம் என்று தெரிந்ததால் முகத்தை மட்டும் மேடாகப் பார்த்துவிட்டு, கோட்டைப் பள்ளமாகப் பார்த்துவிட்டது. குழிகள்? அவை காற்றுக் குமிழ் இல்லை, புளி தின்ற இடம்.

நான் இருபது வருஷமாகத் துணியில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். கையில் எடுத்துத் தடவாமல் ஒரு துணியைக்கூடத் தள்ளியதில்லை.

“ஒரே அச்சுல ரெண்டு காசு! ஒண்ணு உங்க ஊர் மணல்லயே கெடைச்சிருக்கு. இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?” ஞானராஜுக்குக் கோபமே போய்விட்டது. “அண்ணனுக்கு இப்பவே போன் போடுங்க மேடம்.”

போனை எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். இதைப் போனில் சொல்லலாமா? ஊர் பார்க்க அவமானப்படுத்திவிட்டு மன்னிப்பை மட்டும் காதோடு காதாகக் கேட்பதா? வெள்ளிக்கிழமை காதுகுத்து. சொந்தம் மொத்தமும் வரும், அவர் பட்டறை ஆட்களும் வருவார்கள். எல்லார் முன்னாலும் சொல்வேன். அதுதான் அவருக்கு மரியாதை. அதுவரை யாரும் குழுவில் எதுவும் எழுதவேண்டாம் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டேன். ஞானராஜ் மட்டும், “நல்ல சேதிய எதுக்கு ஊறப்போடறீங்க?” என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஜவுளிக்கடை, பூ ஆர்டர், சமையல்காரருக்கு அட்வான்ஸ். நகைக்கடையில் ஒரு சின்ன வெல்வெட் பெட்டி வாங்கினேன், சிவப்பு. அண்ணன் காசை அதில் வைத்து எல்லாருக்கும் காட்டவேண்டும். அப்படியே ஒரு போட்டோ. என்ன பேசுவது என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். இவரிடம் வாசித்துக் காட்டினேன்.

“நீளமா இருக்குது” என்றார். “நேத்தே போயி சொல்லியிருந்தா ரெண்டே வார்த்தையில முடிஞ்சிருக்கும்.”

இவருக்கு எதிலும் ஒரு குத்தல்.

ஏப்ரல் 11, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

அண்ணன் சீர்த்தட்டோடு சீக்கிரமே வந்துவிட்டார். புது வேட்டி. பட்டறைக்காரர்கள் நாலைந்து பேர் கூட வந்திருந்தார்கள். தட்டில் பழம், தேங்காய், பட்டுப்பாவாடை, தோடு, வெள்ளிக் கொலுசு. மொட்டை போட்டுக் குளிப்பாட்டி, பாப்பாவை அவர் மடியில் உட்காரவைத்தோம். ஆசாரி ஊசியை எடுத்ததுமே அலற ஆரம்பித்துவிட்டாள். இரண்டு காதும் குத்தி முடிக்கும் வரை அண்ணன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

“அழுகாத சாமி. மாமன் என்ன வாங்கியாந்துருக்கேன் பாரு” என்று கொலுசை எடுத்துக் காலில் மாட்டிவிட்டார். பாப்பா குனிந்து பார்த்தாள். காலை உதைத்துப் பார்த்தாள். சத்தம் வந்ததும் அழுகை நின்றது. இறங்கி, கோயில் தரையில் தங்கு தங்கென்று குதிக்க ஆரம்பித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். இதுதான் நேரம் என்று நான் வெல்வெட் பெட்டியோடு எழுந்து நின்றேன்.

எழுதி வைத்த பேச்சு மறந்துபோயிற்று.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. எங்கண்ணன் ஆத்துல எடுத்த காசு பொய்க்காசு இல்லீங்க. அசல். நாந்தான் தப்பாப் பாத்துப்போட்டேன். அவரு கொண்டாந்து போட்டாருன்னு நாஞ் சொன்னது பாவம். அண்ணா, என்னை மன்னிச்சுருங்க. அந்தக் காசை உங்க கையால இந்தப் பெட்டியில வெச்சு எல்லார்த்துக்கும் காட்டுங்க.”

கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். பட்டறைக்காரர் ஒருவர் தட்டவும் ஆரம்பித்தார். அதற்குள் நங்கையா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பாப்பா குதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதா, பாப்பா கால்ல இருக்குது” என்றார்.

எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. பெட்டியைத் திறந்து பிடித்தபடி நின்றேன்.

“உருக்கிட்டோம் வாணி” என்றார் நங்கையா. “அது மட்டும் பத்தாதுன்னு என்ற பழைய கொலுசையும் சேத்து.”

காது குத்திய ஆசாரிதான் கொலுசும் செய்தவராம். தன் வேலையைப் பற்றிப் பேச்சு என்று நினைத்து, “சுத்த வெள்ளிங்க அம்மிணி. ஒரு பொட்டு ஈயம் சேக்கலீங்க” என்றார்.

“எப்ப? எப்பக் குடுத்தீங்க?”

“திங்கக்கெழம” என்றார் அண்ணன்.

திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும். போன் என் கையில் இருந்தது. அவர் பெயர் திரையில் இருந்தது. நான் வைத்துவிட்டேன். கூட்டம் கூடட்டும் என்று வைத்துவிட்டேன்.

“ஏங்கண்ணா உருக்குனீங்க?” கத்தியே விட்டேன். பாப்பா குதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பொய்க்காசுன்னு நீதான சொன்னே? ஆசாரி ஒரசிப் பாத்துட்டு, காசு எப்படியோ, வெள்ளி நெசம்னாரு. நெசமா இருக்கறது பாப்பாவுக்கு ஆகட்டும்னு குடுத்தேன்.”

“உங்க கையால எடுத்ததுதானுங்க? அது நெசம்னு உங்களுக்குத் தெரியாதா?”

“எடுத்தது தெரியும். காசப் பத்தி எனக்கென்ன தெரியும்? நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு இருந்தேன். எவனோ போட்டு வெச்சதுல நாம் போயி கைய விட்டுட்டேன்னு நெனச்சேன்.”

அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் என்னை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அண்ணன் பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

“அசல்னா... மியூசியத்துல வெச்சிருப்பாங்களா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது, பொய் சொல்வதா?

அண்ணன் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டார். நான் கொலுசைக் கழற்றப் பாப்பாவின் காலைப் பிடித்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார்.

“உடு. இப்பத்தான் அழுகைய நிறுத்துச்சு.”

பந்தியில் என் இலையில் என்ன விழுந்தது என்று எனக்கு நினைவில்லை.

ஏப்ரல் 12, சனி

காலையில் அண்ணனைக் குழுவில் மறுபடி சேர்த்தேன். எழுதாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காசு இல்லை, இனி யாரும் கேட்கப் போவதும் இல்லை. ஆனால் எழுதாவிட்டால் அவர் பெயர் கள்ளக்காசு என்றே நிற்கும். எழுதினேன்.

‘அமராவதியில் கிடைத்த வெள்ளிக்காசு அசல். கண்டெடுத்தவர் கு. குழந்தைவேல். அவர்மேல் நான் சொன்னது முழுப் பொய். என் பேச்சை நம்பி அவர் அதை உருக்கக் கொடுத்துவிட்டார். அசல் என்று தெரிந்த அன்றே நான் சொல்லியிருந்தால் காசு மிஞ்சியிருக்கும். அழித்தது நான்.’

எல்லாரும் படித்துவிட்டதாக நீல டிக் காட்டியது. ஒருவரும் எதுவும் எழுதவில்லை. ஞானராஜ் எழுத ஆரம்பித்தார், நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார், நிறுத்தினார். கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தும் அப்படியே இருந்தது.

மதியம் அண்ணனிடமிருந்து குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ். அவருக்குத் தட்டச்சு வராது. இழை எண்ணும் மேசையில் உட்கார்ந்து காதில் வைத்தேன். பின்னால் பட்டறைச் சத்தம்.

“வணக்கமுங்க. உருக்கக் குடுத்தது நானுங்க. எந்தங்கச்சி மேல ஒண்ணுமில்லீங்க...”

அதற்கு மேலும் ஏதோ சொல்கிறார். பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது. நான் அங்கேயே நிறுத்திவிட்டேன், மேலே கேட்கத் தைரியம் வரவில்லை.